நான்காம் தோள்

மலாக்கா நகரத்துக் கடற்கரையினின்று வடகிழக்கு நோக்கிப் புறப்படும் செம்மண் வழியானது, நெல்வயல்களை ஒட்டி நடந்து, தென்னந்தோப்புகளுக்கிடையே கால்நட்டு நிற்கும் மலாய்க்காரர்தம் மரவீடுகளைக் கடந்து, செலண்டார் என்னும் சிற்றூரின் நான்கு கடைகளை எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்பால் இரப்பர்ப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்து தன்னையே தொலைத்துக்கொள்ளும். ஆங்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டுப் பங்குனித் திங்களில், பழுத்த இலையெல்லாம் உதிர்த்துப் புதுத்தளிர் பூண்டு நின்ற மரங்களிடையே வைகறைப் பனி இன்னும் கலையாதிருக்க, உளியும் வாளியும் ஏந்திய ஆடவரும் பெண்டிரும் கொசுவை வைதபடியே தத்தம் வரிசைகளுக்குப் பிரிந்துசெல்ல, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளின் கூரைகளினின்று அடுப்புப்புகை எழுந்து படரும் அந்த இனிய வேளையைக் காண்பார்க்கு, உலகத்து அமைதியெல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றதோ என்று தோன்றும். அவ்வாறு எண்ணிவிட வேண்டா, நண்பரே. அந்த லயத்தின் பன்னிரண்டாம் எண் வீட்டில் வாழ்ந்த வீராசாமிப் பூசாரிக்கு அக்கிழமைச் செவ்வாய்க் காலையில் தொடங்கிய தலைவலி, வெள்ளி மாலைவரை ஓயவில்லை.

வீராசாமி முழுநேரப் பூசாரி அல்லர். விடியலிலிருந்து நண்பகல்வரை முந்நூறு மரங்களுக்குப் பால்வெட்டி, திரண்ட பாலை ஆலையில் ஒப்படைத்து, கிணற்றடியில் இரண்டு வாளி நீரைத் தலையிற் கவிழ்த்துக்கொண்ட பிறகே அவர் மாரியம்மனுக்கு உரியவர் ஆவார். நாற்பத்தைந்து அகவை, நெடிய உடல், அகன்ற மார்பு, ஓங்கிப் பேசினால் மூன்று லயங்களுக்குக் கேட்கும் குரல். இத்தகைய ஆண்மகனுக்கு அச்சம் என்பது இரண்டே இடங்களில்தான் உண்டு. ஒன்று, மாரியம்மன் திருமுன். மற்றொன்று, மனைவி இருசம்மாள் வாய்திறக்கும் இடம். இவ்விரண்டனுள் எது கொடியது என்று கேட்டால் அவர் விடை கூறாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

சென்ற ஐப்பசி அடைமழையில் அந்த இருசம்மாளைக் குளிர்காய்ச்சல் பற்றிற்று. பல் கிடுகிடுக்க, கண் மேலே செருக, பெயர் சொல்லி அழைத்தாலும் மறுமொழி இல்லாத நிலை. ஆற்றுவெள்ளம் பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டமையால் மாட்டுவண்டி செல்லாது. வீராசாமி அறிவு கலங்கி, அம்மன்முன் குப்புற விழுந்து, ‘இவளைக் காப்பாற்று தாயே, வரும் பங்குனியில் பூக்குழி இறங்குகிறேன், தவறினால் இவளை நீயே எடுத்துக்கொள்’ என்று, சொல்லத்தகாத பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அதே நாழிகையில், ஐந்தாம் எண் வீட்டுச் சவரிமுத்து என்பவர் யாரையும் கேளாமல் இருசம்மாளைக் கம்பளியிற் சுற்றி முதுகிற் கட்டிக்கொண்டு, மார்பளவு நீரில் இறங்கி மறுகரை ஏறி, ஒன்பது கல் தொலைவு நடந்து, சாசின் நகரத்து மருத்துவமனையிற் கொண்டுபோய்ச் சேர்த்தார். இருசம்மாள் பிழைத்தாள். பிழைக்கவைத்தவர் அம்மனா சவரிமுத்துவா என்று வீராசாமி ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. இருவருக்கும் தாம் அடிமை என்று மட்டும் அறிந்திருந்தார். அவ்விருவரும் ஒரே கிழமையில் எதிரெதிர்த் திசைகளில் நின்று தம்மை அழைப்பார்கள் என்று அவர் கனவிலும் கருதினாரில்லை.

சவரிமுத்து, அத்தோட்டத்துக் கிறித்தவர்களுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் வாராத நாள்களில் மாதா கோயிலைத் திறந்து வழிபாடு நடத்தும் பொறுப்புடையவர். பாலின் விலை வீழ்ந்து, ஆள்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிய கொடுங்காலம் அது. பன்னிரண்டு கிறித்தவக் குடிகளில் எட்டு கப்பலேறிவிட்டன. அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமைக்கென்று மலாக்கா நகரத்துக் கோயில் ஒன்றிலிருந்து, ஆள் உயரத்து மரச்சுரூபம் ஒன்று மாட்டுவண்டியில் வைக்கோற் படுக்கைமேல் வந்து சேர்ந்தது. கைகள் இரண்டும் தோட்பட்டையில் மடங்கும்படி தச்சன் செய்திருந்த சேசுநாதர் சுரூபம் அது. சுரூபம் வந்துவிட்டது, தூக்குவதற்குத்தான் ஆள் இல்லை. உபதேசியாரும், ஆலையில் வேலை செய்த அண்ணன் தம்பி இருவரும் போக, எஞ்சிய ஆண்மகன் மிக்கேல் கிழவர் ஒருவரே. அவரோ எழுபது அகவை நிரம்பி, இடுப்பில் இரண்டாக மடிந்தவர்.

ஆதலின் செவ்வாய்க் காலையில், வீராசாமி பால்வெட்டிக்கொண்டிருந்த வரிசைக்கே சவரிமுத்து வந்து நின்றார்.

“பூசாரியண்ணே, ஒரு ஒதவி.”

“கேளு உபதேசியாரே. ஒனக்கு இல்லன்னு சொல்ல இந்த வாய்க்குத் தெரியாது.”

“பெரிய வெள்ளிக்கெழம சாயங்காலம் சேசுநாதர ஆசந்தியில வச்சி லயத்தச் சுத்தித் தூக்கிட்டு வரணும். நாலு மூலைக்கி மூணு தோளுதான் இருக்கு. நாலாவது தோளு நீங்க குடுக்கணும்.”

“சாமி தூக்கத்தான? தூக்கிட்டாப் போச்சி! ஆசந்தின்னா என்னா, பல்லக்கா?”

“இல்லண்ணே. பாடை.”

வீராசாமியின் கையிலிருந்த உளி மரத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அன்றுதான் அவர் வலக்கையில் மஞ்சள் துலங்கும் காப்பைக் கட்டியிருந்தார். ஞாயிறு மாலை பூக்குழி. காப்புக் கட்டியவன் பிணத்தைத் தொடலாகாது, இழவு வீட்டு வாயிலை மிதிக்கலாகாது, மீறினால் தீட்டு. பூசாரிக்குத் தீட்டென்றால் கரகத்துக்குத் தீட்டு. கரகத்துக்குத் தீட்டென்றால் குழியில் தீ மூட்டுவதற்கே இடமில்லை. தீ இல்லையென்றால், இருசம்மாளைப் பற்றி அம்மனிடம் சொன்ன அந்தப் பிற்பகுதி உயிர்பெற்று எழுந்து நிற்கும். 

“உங்க சாமி செத்துட்டாரா?” என்று வினவினார் அவர்.

“வெள்ளிக்கெழம சாவுறாரு. ஞாயித்துக்கெழம எந்திரிச்சிருவாரு.”

“ஞாயித்துக்கெழமய விடு. வெள்ளிக்கெழம அவரு யாரு? மனுசனா, சாமியா? ஒண்ணச் சொல்லு.”

“ரெண்டுந்தாண்ணே.”

“பாதிப் பாதியா?”

“இல்ல. முழுக்க மனுசன். முழுக்க சாமி.”

“அப்ப ரெண்டு பேரா?”

“ஒருத்தருதான்.”

வீராசாமி தம் விரல்களை நீட்டி ஒருமுறை எண்ணினார். மடக்கி மறுமுறை எண்ணினார். முழுவதும் ஒன்று, முழுவதும் மற்றொன்று, ஆனால் இரண்டும் சேர்ந்து ஒன்று. பெரும் பெரும் அறிஞர்கள் பல நூறு ஆண்டுகள் அமர்ந்து ஆய்ந்த பொருளை, கொசுக்கடிக்கு நடுவே, வெட்டிய பட்டையில் பால் சொட்டுவதற்குள் முடிவு கட்டவேண்டிய நிலை அவருக்கு. முடிவில், “யோசிச்சிச் சொல்றேன்” என்றார். 

யோசிப்பதற்கு அவர் சென்ற இடம் பெரிய கங்காணி இரங்கசாமியின் வீடு. இரங்கசாமி கையிற் குடையின்றி வெளியே வாரார். மழையில்லாத நாளிலும் அக்குடையை ஊன்றி நின்றே வழக்குத் தீர்ப்பார். செய்தியைக் கேட்டு, மீசையை இருபுறமும் நீவி, “மனுசன்னா பொணம். பொணம்னா தீட்டு. சாமின்னா சப்பரம். சப்பரம்னா புண்ணியம். ரெண்டும்னு ஒரு பதிலு கெடையாது பூசாரி. தொரை இந்த ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் குழி வெட்ட உத்தரவு குடுத்திருக்காரு. தீட்டாச்சின்னா அடுத்த பங்குனிதான். வெசாரிச்சி ஒரு முடிவுக்கு வா,” என்றார்.

வீராசாமி விசாரித்தார். புதனன்று, பால் சேரும் கொட்டகையில் சவரிமுத்துவை மடக்கி, பெண்ணைக் கொடுக்கவிருப்பவன் மாப்பிள்ளையைப் பற்றி அறிந்துகொள்வதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பசிக்குமா? பசிக்கும், நாற்பது நாள் பட்டினி கிடந்து வாடினார். தூங்குவாரா? தோணியில் தலையணை வைத்துத் தூங்கினார். தாகம்? கிணற்றடியில் அமர்ந்து ஒரு பெண்ணிடம் நீர் கேட்டார். அழுததுண்டா? தோழன் இறந்தபோது அழுதார். ஒவ்வொரு விடையிலும் வீராசாமியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது, ஐயமில்லை, மனிதர்தாம். “ஆனா அந்தத் தோழன நாலு நாளு கழிச்சிக் குழியிலேருந்து எழுப்பி நடக்க வச்சாரு,” என்று சவரிமுத்து சேர்த்ததும் முகம் சற்று வெளுத்தது. அத்தோணியிலேயே எழுந்து நின்று புயலை அதட்டி அடக்கினார் என்றதும் இன்னும் வெளுத்தது. பிறகு, மரத்தச்சு வேலை பார்த்தார் என்று கேட்டதும் மறுபடி கறுத்தது. தச்சு வேலை பார்க்கும் கடவுளை வீராசாமி கேள்விப்பட்டதில்லை.

அன்று மாலை இச்செய்தி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் எட்டிற்று. அங்கே பாடை கட்டுவதில் கைதேர்ந்த சின்னத்தம்பி, ஆசந்திக்கு அளவெடுக்கப் போய்வந்த பெருமையோடு அமர்ந்திருந்தார். ஒரு திருமண வீட்டில் சேசுநாதர் ஆறு சாடி நீரைத் திராட்சை மதுவாக்கினார் என்று உபதேசியார் வாயால் தாம் கேட்டதை அவர் எடுத்துரைத்தார். பிறகு அவரே, “தண்ணிய மதுவாக்குனாரா? அது சாமிதான்லா! வேற பேச்சு என்னா இருக்கு?” என்று அறைந்து சொல்ல, இருந்தோர் அனைவரும் எழுந்து நின்று ஒப்புக்கொண்டனர். தெய்வத்தன்மை இத்துணை விரைவாக வேறெங்கும் நிறுவப்பட்டதில்லை.

ஆயினும் கிணற்றடி வேறு தீர்ப்பு வழங்கிற்று. ஒப்பாரி பாடுவதில் சுற்றுவட்டத் தோட்டங்களிலெல்லாம் பெயர்பெற்ற பெத்தம்மாள், சவரிமுத்துவின் மனைவியிடம் நேரே போய், “வயசு என்னா?” என்று கேட்டாள். முப்பத்து மூன்று. “கலியாணம்?” ஆகவில்லை. பெத்தம்மாளின் கண்கள் அந்த இடத்திலேயே நிறைந்துவிட்டன. “ஐயோ, பெத்தவ இருக்காளா?” இருக்கிறாள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். மணமாகாத இளைஞனை வாழைக் கன்றுக்குத் தாலி கட்டிவைக்காமல் வழியனுப்பலாகாது என்று பெண்டிர் கூடி முடிவுசெய்து, நல்ல கன்றாக ஒன்றைத் தோண்டியெடுத்து மாதா கோயில் வாயிலிற் கொண்டுவந்து சாத்தியும் விட்டனர். உபதேசியார் ஓடிவந்து, கைகூப்பி, கெஞ்சி, அக்கன்றைத் திருப்பி அனுப்புவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிற்று. அவரால் அப்பெண்டிரைச் சினந்துகொள்ளவும் முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாய் அவர் உபதேசித்தும் அந்த அன்னைக்காக ஒருத்தி இப்படி அழுததில்லை.

வியாழன் பிறந்தது. வீராசாமிக்கு முடிவு பிறக்கவில்லை. ஒருபுறம் அம்மனிடம் சொன்ன சொல். மறுபுறம் மனைவியைச் சுமந்த முதுகு. இல்லை என்று சவரிமுத்துவின் முகம் நோக்கிச் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை; ஆம் என்று சொல்லித் தீட்டை ஏற்கும் துணிவும் இல்லை. இத்தகைய இக்கட்டில் மானமுள்ள ஆடவர் காலங்காலமாய்க் கைக்கொண்டு வரும் வழியொன்று உண்டு. அவ்வழியை அவரும் கைக்கொண்டார். வலத்தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து, “சுளுக்கிக்கிச்சி உபதேசியாரே. கையத் தூக்கவே முடியல,” என்று பொய் சொன்னார். சவரிமுத்து ஐயுற்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “அடடா, ஒடம்பப் பாத்துக்குங்கண்ணே,” என்று இரங்கிச் சென்றார். அந்த இரக்கம் வீராசாமியை வசைமொழியினும் கொடிதாகத் தைத்தது.

பொய்க்குரிய தண்டனை உடனே தொடங்கிற்று. உபதேசியார் சென்ற வழியிலேயே சுளுக்கெடுப்பதில் வல்லவராகிய முனியாண்டியைக் கண்டு அனுப்பிவைத்திருந்தார். முனியாண்டி நல்லவர், ஆனால் அவர் கையிற் சிக்கிய தோள் சுளுக்கில்லாமற் சென்றாலும் சுளுக்கோடுதான் திரும்பும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி, அரை நாழிகை அவர் உருவிய உருவலில், உண்மையிலேயே நோவில்லாத ஒரு தோளுக்காக வீராசாமி உண்மையாகவே அலறினார். அடுப்படியிலிருந்து இதனைப் பார்த்திருந்த இருசம்மாள், முனியாண்டி சென்றபின் கஞ்சிக் கலயத்தைக் கணவன்முன் வைத்து, அவரை நோக்காமலே சொன்னாள்:

“ஒம்பது கல்லு என்னத் தூக்கிட்டு நடந்தவருக்கு ஒரு எடமும் சுளுக்கல.”

“ஒனக்காகத்தான்டி பயப்படுறேன். ஆத்தாக்கிட்ட என்னா சொல்லியிருக்கேன்னு ஒனக்குத் தெரியாது,” என்றார் வீராசாமி. அவருக்கு அவள்மேல் இருந்த அன்பு அத்தகையது. அதை இதுவரை அவர் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொன்னவரல்லர். இருசம்மாள் கலயத்தில் இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மேற்கே முகில் திரண்டது. நான்கு மணியளவில் மாதா கோயிலின் மணி ஒலியாமல், மரக்கட்டையைத் தட்டும் ஓசை மட்டும் எழுந்தது. அன்று மணி அடிப்பது வழக்கமன்று. கறுப்புத் துணி போர்த்த ஆசந்தி புறப்பட்டது. முன்மூலை இரண்டில் அண்ணனும் தம்பியும். பின்மூலை ஒன்றில் சவரிமுத்து. மற்றொன்றில், வேறு ஆளின்மையால், மிக்கேல் கிழவர். மூன்று மூலைகள் ஓரளவு சமமாய் உயர்ந்திருக்க, கிழவரின் மூலை மட்டும் ஒன்றரைச் சாண் தாழ்ந்து, பாடை முழுதும் ஒருபுறம் சாய்ந்து, மேலிருந்த சுரூபம் ஒவ்வோர் எட்டுக்கும் சிறிது சிறிதாகக் கிழவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வழியின் இருமருங்கும் தோட்டத்து மக்கள் கூடி நின்றனர். காப்புக் கட்டிய ஆடவர் பத்தடி தள்ளி நின்றனர். பெத்தம்மாள் மட்டும் யார் சொல்லையும் கேளாமல், முந்தானையை வாயிற் பொத்தி விம்மிக்கொண்டு பின்னே நடந்தாள்.

மாரியம்மன் கோயில் வாயிலில், எண்ணெய் ஊறிய துணியைத் தோளிற் சுற்றிக்கொண்டு வீராசாமி நின்றிருந்தார். கோயிலுக்கு எதிரேதான் அவ்வழி சரிந்திறங்கும். ஓரத்தில் முழங்கால் ஆழத்து நீரோடை. மழை பிடித்துக்கொண்டது. செம்மண் குழைந்தது. கிழவர் நான்கடி இறங்கினார். ஐந்தாம் அடியிற் கால் வழுக்கி அமர்ந்தே விட்டார். அவரது மூலை தரையைத் தொட, கறுப்புத் துணி விலக, ஆள் உயரத்துச் சுரூபம் தலை முன்னாகச் சரிந்து ஓடைக் கற்களை நோக்கிப் பாய்ந்தது.

“ஐயோ தம்பி! அடிபட்ருமே!”

இந்தக் குரல் எவருடையது என்று கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள், குரலுக்குரியவர் ஓடைக்குள் நின்றார். எண்ணெய்த் துணி எங்கோ பறந்தது. சுளுக்கிய தோளென்று ஊரறிந்த அத்தோளிலேயே சுரூபத்தின் மார்பைத் தாங்கி, இரு கைகளாலும் இடுப்பைச் சேர்த்தணைத்துக்கொண்டார். அதிர்ச்சியிற் சுரூபத்தின் கைகளை உடலோடு பிணைத்திருந்த கட்டுகள் அவிழ்ந்தன. தோட்பட்டையில் மடங்கும் அம்மரக்கைகளில் ஒன்று மெல்ல இறங்கி, வீராசாமியின் கழுத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது. காய்ச்சற்காரனைத் தூக்கும்போது அவன் பற்றிக்கொள்வதுபோல் இருந்தது அது. வீராசாமி அந்த மர முகத்தைப் பார்த்து, “புடிச்சிக்கப்பா, நான் இருக்கேன், பயப்படாத,” என்று சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் தெளிவாகக் கேட்டனர்.

பிறகுதான் அவர் தம் கையிற் கட்டியிருந்த காப்பைக் கண்டார். மஞ்சள் கரைந்து மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

“நில்லுங்கடா!” என்று குடையை உயர்த்திக்கொண்டு வந்தார் இரங்கசாமிக் கங்காணி. மழையில் நின்றபடியே மன்றம் கூடிற்று. “பூசாரி! காப்புக் கட்டுன கையால என்னாத்தத் தொட்ட? பொணத்தயா, சாமியயா? ஊரு கேக்குது. சொல்லு.”

வீராசாமி சுரூபத்தைக் கீழே வைக்கவில்லை. கண்ணீரும் மழையும் கலந்து ஓடிய முகத்தோடு, “தெரியல கங்காணி. விழுந்தா வலிக்குமேன்னு ஓடுனேன்,” என்றார்.

“யாருக்கு வலிக்கும்?”

“இவருக்குத்தான்.”

சிரிக்கத் தொடங்கிய இரண்டொருவர் பாதியில் நிறுத்திக்கொண்டனர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருசம்மாள் வந்தாள். கங்காணிக்கு எதிரே நின்று பெண்ணொருத்தி பேசுவது அத்தோட்டத்தில் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை.

“கங்காணி ஐயா, நீங்க எத்தன பொணம் பாத்திருப்பீங்க. எந்தப் பொணத்துக்காச்சும் வலிக்கும்னு ஒருத்தன் பதறி ஓடிப் பாத்திருக்கீங்களா? வலிக்கும்னா உசுரு இருக்கு. உசுரு இருந்தா தீட்டு எங்கேருந்து வந்திச்சி?”

இரங்கசாமி மீசையை ஒருபுறம் நீவினார். மறுபுறம் நீவுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. “சரி. பொணம் இல்ல. அப்ப சாமின்னே வையி. சாமிக்கு வலிக்குமா? அதச் சொல்லு பாப்போம்,” என்றார்.

கூரைகளில் மழை அறைந்தது. அப்பொழுது, சேற்றில் அமர்ந்த கிழவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த சவரிமுத்து, இடுப்புவரை செம்மண் அப்பிய கோலத்தில், அமைதியாகச் சொன்னார்:

“வலிக்கும் கங்காணி. அதத்தான பன்னண்டு வருசமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

பெரிய கங்காணி அச்சுரூபத்தின் விலாவிலிருந்த காயத்தையும், நெற்றி முள்ளையும், கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த மரக்கையையும் நெடுநேரம் பார்த்தார். சென்ற ஆண்டு அம்மையில் மகனை இழந்தவர் அவர். அன்று அம்மன் கோயில் வாயிலில் நின்று, ‘ஒனக்கு என்னா வலி தெரியும்’ என்று கத்தியவரும் அவரே. அதை அங்கிருந்த எல்லோரும் அறிவர். அவர் கையிலிருந்த குடை தானாகவே நகர்ந்து சுரூபத்தின் தலைக்குமேல் சென்று நின்றது. தாம் நனைவதையும், ஊர் தம்மையே நோக்குவதையும் உணர்ந்ததும் தொண்டையைச் செருமி, “சாயம் போயிரும்ல,” என்றார். பிறகு, “தீட்டு இல்ல. தூக்குங்க,” என்று தீர்ப்பும் சொன்னார்.

நான்காம் மூலையை வீராசாமி ஏற்றார். பாடை நேர்நின்றது. சில எட்டுகள் நடந்தபின் பக்கத்து மூலையிலிருந்த சவரிமுத்து, “தோளு சுளுக்குன்னீங்களே அண்ணே?” என்று மெல்லக் கேட்டார்.

“சுளுக்கெல்லாம் இல்ல. பொய்யி. பயந்துட்டேன்.”

“தெரியும்ணே. தூக்கவே முடியலன்னு சொல்லிக்கிட்டே அந்தக் கையத் தூக்கிக் காட்டுனீங்க.”

“அப்புறம் ஏன்யா அந்த முனியாண்டிய அனுப்புன?”

“சும்மா விட மனசு வரல.”

சாவு ஊர்வலத்திற் சிரிப்பது முறையன்று. ஆதலின் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தனர். பாடை சிறிது குலுங்கிற்று.

ஞாயிறு மாலையிற் குழியில் நெருப்புச் செக்கச்செவேலென்று கனன்றது. காலையில் உயிர்த்தெழுந்த ஆண்டவருக்கு வழிபாடு முடித்துவிட்டு, கிறித்தவக் குடிகள் நான்கும் வெள்ளுடையோடு வந்து கூட்டத்தில் நின்றன. புதுக் காப்புக் கட்டி, கரகம் தாங்கி, வேப்பிலை ஏந்தி வீராசாமி குழிக்கரையில் நின்றபோது, மறுகரையில் இருசம்மாள் நிற்பதைக் கண்டார். நலமாய், நிமிர்ந்து, வழக்கம்போற் சற்றுக் கடுகடுத்த முகத்தோடு நின்றாள் அவள். அவ்வொரு முகத்தை நோக்கியபடியே அவர் இறங்கி, நடந்து, கரையேறினார். சொன்ன சொல் நிறைவேறிற்று. நெருப்பின் முடிவில் பால் ஊற்றி வைத்த குழியிற் கால் நனைத்ததும் அவர் முதலிற் செய்தது, ஊரறிய, நாணமின்றி, மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுததுதான். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அதற்குப்பின் ஆண்டுகள் பல உருண்டன. கப்பலேறிப் போனவர்களிற் சிலர் திரும்பி வந்தனர். ஆள் பற்றாக்குறை தீர்ந்தது. ஆயினும் பெரிய வெள்ளிதோறும் நான்காம் மூலைக்கு வேறெவரையும் எவரும் அழைத்ததில்லை. சமய நூல் கற்ற நகரத்து இளைஞர் சிலர் தோட்டத்துக்கு வரும்போது, அன்று நீங்கள் தாங்கியது மனிதரையா, கடவுளையா என்று பூசாரியைச் சீண்டிப் பார்ப்பதுண்டு. வீராசாமியோ, மரக்கை வளைந்து கிடந்த கழுத்தையும், சுமந்த தோளையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். நூலோர் பிரித்தும் கூட்டியும் கண்ட நுட்பங்கள் ஒருபுறம் இருக்க, வலிக்குமே என்று ஓடியவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டன்றோ, அதை மட்டும் அவர் சொல்வார்.

“கனமா இருந்தாருப்பா,” என்பார்.